கழலவும் கூடாது, கழட்டவும் வரணும்

பைக் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஸ்க்ரூவோட ஒரு சண்டை இருக்கும். நம்பர் பிளேட் ஸ்க்ரூ தானா கழண்டு ரோட்டுல எங்கேயோ விழுந்திருக்கும். இல்லன்னா சைலன்சர் போல்ட் எவ்வளவு முக்கினாலும் அசையாம, கடைசியில மெக்கானிக் தலையை அறுத்து எடுத்திருப்பார். முதல் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு பத்தலை. ரெண்டாவது ஸ்க்ரூ பிடிச்ச பிடியை விடலை.

ஒரு நல்ல ஸ்க்ரூகிட்ட நாம கேட்கிறது ரெண்டே விஷயம்தான்: தானா கழலாதே, நான் கழட்டும்போது கழண்டு வா. கேட்க சுலபமா இருக்கு. ஆனா ஒண்ணை அதிகமாக்கினா இன்னொண்ணு அடிவாங்கும். ரெண்டையும் எப்படிச் சேர்த்து வாங்குறதுன்னுதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டா ஒரு பொருள் உண்டு: ரைபிள் மேல மாட்டுற தொலைநோக்கி, அதாவது ஸ்கோப். அதைப் பிடிச்சிருக்கிறது விரல் நகம் அளவு கூட இல்லாத சில ஸ்க்ரூ. ஒவ்வொரு தடவை சுடும்போதும் பின்னுதைப்பு அந்த ஸ்க்ரூ மேல இறங்கும். ஆனாலும் ஸ்கோப்பை மாத்தவோ சர்வீஸ் பண்ணவோ வேணும்னா கழட்ட வரணும். நம்மில் பல பேர் என்.சி.சி. கேம்ப் தவிர வேற எங்கேயும் ரைபிளைத் தொட்டிருக்க மாட்டோம். அது பரவாயில்லை. இதே பிரச்சனை, இதே கணக்கு, நம்ம ராஜபாளையம் மில்லுக்குள்ள ஆயிரக்கணக்குல சுத்திட்டு இருக்கு. அதுக்கு வருவோம். அதுக்கு முன்னாடி, ஸ்க்ரூவை உண்மையிலேயே பிடிச்சு வச்சிருக்கிறது எதுன்னு பார்த்துடலாம்.

தேரும் சறுக்குக்கட்டையும்

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கோயில் தேர் ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. கூட்டம் முழுக்க வடத்தைப் பார்த்துட்டு இருக்கும்போது, சக்கரத்துக்குப் பக்கத்துல சில பேர் மரக்கட்டையோட ஓடிட்டு இருப்பாங்க. சறுக்குக்கட்டை, முட்டுக்கட்டைன்னு சொல்ற அந்த ஆப்பு வடிவக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில சொருகினா, அவ்வளவு பெரிய தேர் நிக்கும், இல்ல திரும்பும்.

அந்தக் கட்டை ஒரு சாய்தளம். ஸ்க்ரூவோட மரையும் ஒரு சாய்தளம்தான். ஒரு கம்பியைச் சுத்திச் சுருட்டி வச்ச சாய்தளம். ஒரு எம்10 போல்ட்டை எடுத்துக்குவோம். ஒரு சுத்துக்கு அது 1.5 மில்லிமீட்டர் ஏறும். அந்த ஒரு சுத்தை விரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் நீளம் வரும். 28-க்கு 1.5 ஏற்றம்னா சரிவு சுமார் 3 டிகிரி.

இப்போ உராய்வைப் பார்ப்போம். எஃகு மேல எஃகு, உராய்வுக் கெழு 0.15-ன்னு வச்சுக்கிட்டா, மரையோட வி வடிவத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, சரிவு 10 டிகிரி பக்கம் போனாத்தான் நட் தானா சறுக்கி இறங்கும். நம்ம மரை 3 டிகிரிதான். அதாவது மூணு மடங்குக்கு மேல பாதுகாப்பு. நேரா எவ்வளவு எடை தொங்கவிட்டாலும் நட் தானா சுத்தி இறங்காது. முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல படிச்ச 'செல்ஃப் லாக்கிங்' இதுதான்.

இன்னொரு விஷயம், ஸ்க்ரூ ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது போல்ட் நீளுது. நீண்ட போல்ட் திரும்பச் சுருங்கப் பார்க்கும்போது ரெண்டு பாகத்தையும் சேர்த்து நசுக்குது. அந்த நசுக்கலுக்குப் பேர் ப்ரீலோடு. இறுக்கம்னு நாம சொல்றது அந்த ப்ரீலோடைத்தான்.

ஒரு எம்6 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் டார்க்கில் முறுக்கினா, வழக்கமான சூத்திரப்படி சுமார் 8,300 நியூட்டன் ப்ரீலோடு வரும். கிட்டத்தட்ட 850 கிலோ, ஒரு சின்ன காரோட எடை. அவ்வளவு விசையில போல்ட் எவ்வளவு நீளும்? 30 மில்லிமீட்டர் நீளப் பிடிப்புன்னா 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி தடிமன்! அந்தத் தலைமுடி அளவு நீட்சிதான் மொத்த இறுக்கமும். அது போச்சுன்னா எல்லாம் போச்சு.

அப்புறம் ஏன் கழலுது?

மூணு மடங்கு பாதுகாப்பு இருக்கிற நட் ஏன் தானா கழலணும்? ரெண்டு காரணம்.

முதல் காரணம், அமுங்கல். பெயின்ட், தூசி, பிசிறு, மெத்துன்னு இருக்கிற வாஷர், இதெல்லாம் நடுவுல மாட்டிக்கிட்டா ஓட ஓட நசுங்கும். நட் ஒரு டிகிரி கூடச் சுத்தாமலே இறுக்கம் குறையும். புது வண்டியை முதல் சர்வீஸ்ல எல்லா போல்ட்டையும் ஒரு தடவை செக் பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது காரணம்தான் பெரிய வில்லன். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போல்ட்டை அதோட நீளவாக்குல இழுத்து இழுத்து விடுறதை விட, பக்கவாட்டுல அசைக்கிறதுதான் அதை வேகமா கழட்டுதுன்னு சோதனை பண்ணிக் காட்டினார். இன்னைக்கும் பூட்டு வாஷர், பூட்டு நட் எல்லாத்தையும் சோதிக்கிற இயந்திரத்துக்கு 'யுங்கர் டெஸ்ட்'னுதான் பேர்.

பக்கவாட்டு அசைவு ஏன் அவ்வளவு மோசம்? திரும்பத் தேரடிக்கே போவோம். நிக்கிற தேரை ஒரு கட்டையை வச்சுத் திருப்ப முடியாது. ஓடுற தேரை அதே கட்டை திருப்பிடும். வீட்டுல கனமான பீரோவை நகர்த்துறதும் அப்படித்தான். நின்ன இடத்துல இருந்து அசைக்கத்தான் நாலு பேர் வேணும். தள்ளி அது சறுக்க ஆரம்பிச்சுட்டா, ஒரு சின்னப் பையன் பக்கத்துல இருந்து லேசா தள்ளினாலும் அந்தப் பக்கம் திரும்பும். காரணம், உராய்வு எப்பவும் சறுக்குற திசைக்கு எதிராத்தான் வேலை செய்யும். ஒரு திசையில சறுக்கல் ஆரம்பிச்சதும் உராய்வு முழுக்க அந்த வேலைக்குப் போயிடும். மத்த திசைகளைத் தடுக்க அதுக்கிட்ட மிச்சம் இருக்காது.

மரைக்குள்ளயும் அதேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவுல, அதாவது போல்ட் மரைக்கும் நட் மரைக்கும் நடுவுல, ஒரு சின்ன இடைவெளி எப்பவும் இருக்கும். இல்லன்னா நட்டை மாட்டவே முடியாது. பாகங்கள் பக்கவாட்டுல ஆடும்போது, அந்த இடைவெளிக்குள்ள மரை சறுக்குது. உராய்வு அங்கே பிஸி. அந்த நேரம் பார்த்து, 3 டிகிரி சரிவுல நட் துளி துளியா இறங்குது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு துளி. ஒரு நொடிக்கு நூறு ஆட்டம்னா?

குட்டை ஸ்க்ரூவோட கஷ்டம்

இப்போ ஸ்கோப்புக்கு வரலாம். அங்கே இருக்கிறது எம்4 மாதிரி ஒரு குட்டி ஸ்க்ரூ, பிடிப்பு நீளம் 6 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். 2 நியூட்டன் மீட்டர்ல முறுக்கினா அது நீள்றது 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுவுல இருக்கிற கோட்டிங்கோ தூசியோ 0.005 மில்லிமீட்டர் அமுங்கினா, நசுங்குற பாகத்தோட ஸ்பிரிங்கைக் கணக்குல விட்டுட்டுப் பார்த்தா, பாதிக்கு மேல இறுக்கம் காலி. அதே 0.005 அமுங்கல் முன்னாடி பார்த்த எம்6 போல்ட்டுக்கு நடந்தா, இழப்பு 10 சதவீதத்துக்கும் குறைவு. அது நீளம், அதுக்கு விட்டுக்கொடுக்க இடம் இருக்கு.

சின்ன, குட்டையான ஸ்க்ரூ சீக்கிரம் கழலுறதோட ரகசியம் இதுதான். கண் கண்ணாடி, ட்ரோன் மோட்டார், லேப்டாப் கீல், ஸ்கோப், எல்லாம் ஒரே ஜாதி.

கழண்டா என்ன ஆகும்? ஸ்கோப்பைப் பிடிக்கிற ரெண்டு வளையத்துக்கும் நடுவுல 100 மில்லிமீட்டர் தூரம்னு வச்சுக்குவோம். ஒரு வளையம் மட்டும் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தா, 100 மீட்டர் தூரத்துல குறி 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். கண்ணால பார்த்தா எதுவும் அசைஞ்ச மாதிரியே தெரியாது. சுடுறவங்க தன் கையைச் சந்தேகப்படுவாங்க. தப்பு ஸ்க்ரூ மேல இருக்கும்.

அதுக்காக ஓவரா முறுக்கவும் முடியாது. ஸ்கோப்போட உடம்பு மெல்லிசான அலுமினியக் குழாய், பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர் விட்டம். அதிகமா இறுக்கினா குழாய் நசுங்கி உள்ள இருக்கிற லென்ஸ் அமைப்பு பிசகிடும். அதனால பல தயாரிப்பாளர்கள் வளைய ஸ்க்ரூவுக்குச் சொல்ற டார்க் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். (நம்ம நாட்டுல துப்பாக்கி வச்சுக்கிறதே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் சார்ந்த விஷயம். அதனால அந்த வேலை உரிமம் உள்ளவங்களோடது. நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்.)

ராஜபாளையத்துல ஒரு நொடிக்கு 300 சுத்து

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினதுல இருந்து நூற்பாலை இந்த ஊரோட அடையாளம் ஆயிடுச்சு. நூற்பாலையோட இதயம் ரிங் ஃபிரேம். ஒரு ஃபிரேம்ல ஆயிரத்துக்கு மேல ஸ்பிண்டில் இருக்கும். ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 18,000 சுத்து பக்கம் சுத்தும், அதாவது நொடிக்கு 300. ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் சுத்தி ஒரு வளையம். அதுல ஓடுற குட்டி டிராவலர் வழியாத்தான் நூல் முறுக்கேறிச் சுத்திக்கும்.

ஸ்பிண்டில் அந்த வளையத்துக்குச் சரியா நடுவுல நிக்கணும். கொஞ்சம் விலகினாலும் ஒவ்வொரு சுத்துக்கும் நூலோட இழுவிசை ஏறி இறங்கும். நொடிக்கு 300 தடவை. ஏதோ ஒரு ஏற்றத்துல நூல் அறுந்துடும்.

ஸ்பிண்டிலைத் தாங்குற போல்ஸ்டரை ரெயில்ல பிடிச்சிருக்கிறது அடியில இருக்கிற ஒரு நட். அந்த நட்டைத் தளர்த்தி, ஸ்பிண்டிலை வளையத்தோட மையத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப இறுக்குறதுக்குப் பேர் சென்டரிங். மெயின்டெனன்ஸ்ல இது திரும்பத் திரும்ப வர்ற வேலை.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஸ்கோப்ல குறிக்கோடு, இங்கே மையம். அங்கே பின்னுதைப்பு, இங்கே நொடிக்கு 300 பக்கவாட்டு அதிர்வு. யுங்கர் சொன்ன அதே வில்லன். அங்கேயும் கழட்ட வேண்டி வரும், இங்கேயும் கழட்ட வேண்டி வரும். வித்தியாசம் ஒண்ணுதான்: ஸ்கோப்ல சில ஸ்க்ரூ, இங்கே ஒரு ஃபிரேம்லயே ஆயிரம் நட்.

நட் லூஸ் ஆனா யாருக்கு அடி? நூல் அறுந்தா மெஷின் தானா ஒட்டிக்காது. சைடர்னு சொல்ற தொழிலாளி வந்து கையால எடுத்து ஒட்டணும். நம்ம பக்கத்து மில்கள்ல அந்த வேலையில இருக்கிறவங்கள்ல நிறைய பேர் பெண்கள். ஷிப்ட் முழுக்க ஃபிரேமுக்கு நடுவுல நடந்துக்கிட்டே இருக்கணும். ஒரு ஸ்பிண்டில் மையம் விலகினா, அதே ஸ்பிண்டில்கிட்ட திரும்பத் திரும்ப வரணும். ஒரு நட்டை அரைகுறையா விட்டவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அதுக்கான நடையை நைட் ஷிப்ட்ல வேற ஒருத்தர் நடப்பாங்க.

சரி, பயந்துபோய் எல்லா நட்டையும் கழலவே முடியாதபடி ஒட்டிட்டா? அடுத்த சென்டரிங்ல ஃபிட்டர் ஆயிரம் நட்டோட மல்லுக்கட்டணும். மல்லுக்கட்ட முடியாத இடத்துல சென்டரிங்கே நடக்காது. திரும்பவும் அதே சைடர்தான் நடப்பாங்க. அதனால கழலாம இருக்கிறது எவ்வளவு முக்கியமோ, கழட்ட வர்றதும் அவ்வளவு முக்கியம்.

பூட்டுறதுக்கு என்னென்ன வழி?

ஸ்பிரிங் வாஷர்: கடையில நட் கேட்டா கூடவே குடுக்கிறது. வெட்டிவிட்ட சுருள் மாதிரி இருக்கும். நல்லா இறுக்கினதும் அது தட்டையாயிடும். தட்டையான அப்புறம் அதுவும் சாதா வாஷரும் ஒண்ணுதான். நாசா 1990-ல் வெளியிட்ட ஃபாஸ்ட்னர் கையேடும் இதையேதான் சொல்லுது. பக்கவாட்டு அதிர்வுக்கு இதை நம்பி இருக்க வேண்டாம்.

நைலான் நட்: உள்ள நைலான் வளையம் இருக்கும். மரையை இறுக்கிப் பிடிச்சுக்கும். கழட்ட சுலபம். ஆனா கழட்டிக் கழட்டி மாட்டினா பிடிப்பு குறையும். 120 டிகிரிக்கு மேல சூடாகிற இடத்துக்கு ஆகாது. இன்னொண்ணு, இது நட் முழுசா கழண்டு விழாமத் தடுக்கும். ப்ரீலோடு குறையறதைத் தடுக்கும்னு சொல்ல முடியாது.

ரெட்டை நட்: ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஒண்ணுக்கொண்ணு எதிரா இறுக்குறது. சைக்கிள் கடையில இருந்து பெரிய மெஷின் வரைக்கும் உண்டு. சரியா செஞ்சா நல்லா நிக்கும். இடம் வேணும், மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மரை வேணும்.

காட்டர் பின்: பல பைக்கோட பின் சக்கர ஆக்ஸில்ல பார்க்கலாம். நட்டுல காடி, போல்ட்டுல ஓட்டை, குறுக்கே ஒரு பின். நட் கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் கழண்டு ஓடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்குச் சரியான ஆள்.

ஆப்பு வாஷர்: ரெண்டு வாஷர் ஜோடியா வரும், நடுவுல சாய்வான பற்கள். நட் திரும்பப் பார்த்தா அந்தப் பல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறுக்கத்தைக் கூட்டும். நம்ம சறுக்குக்கட்டையேதான். யுங்கர் டெஸ்ட்ல நல்லா தாங்கும், விலை கூட.

எம்4 அளவு குட்டி ஸ்க்ரூவுக்கு இதுல பாதி பொருந்தாது, இடமே இருக்காது. அங்கேதான் அடுத்த ஆள் வர்றார்.

காத்து இருந்தா தண்ணி, காத்து போனா கல்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்ட் நகரம். அங்கே டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள். அதுக்கு முன்னாடியே ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்துல ஒரு திரவம் கண்டுபிடிச்சிருந்தாங்க. காத்து படுற வரைக்கும் திரவமா இருக்கும், காத்து இல்லன்னா கெட்டியாகிடும். சிக்கல் என்னன்னா, அதைத் திரவமாவே வச்சுக்க ஓயாம காத்தை உள்ள ஊதிக்கிட்டே இருக்கணும். இதைப் பாட்டில்ல அடைச்சு விக்கிற அளவுக்கு மாத்தினவர் க்ரீபிள். 1953-ல் அதுக்காக ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி லாக்டைட்.

இந்த வகைத் திரவத்துக்குப் பொதுப்பேர் த்ரெட்லாக்கர். இறுக வைக்க ரெண்டு நிபந்தனை: ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது, உலோகம் தொடணும். மரைக்குள்ள போனதும் ரெண்டும் நடக்கும். வெளிய வழிஞ்சது ஈரமாவே இருக்கும், துடைச்சுடலாம். பாட்டிலை முழுசா நிரப்பாமக் காத்துக்கு இடம் விட்டு விக்கிறதும் இதனாலதான். கம்பெனி ஏமாத்துதுன்னு திட்டாதீங்க.

அது செய்ற வேலை என்ன? நட்டை ஒட்டுறதை விட, மரைக்கு நடுவுல இருந்த அந்தச் சின்ன இடைவெளியை நிரப்புறது. இடைவெளி இல்லன்னா பக்கவாட்டுச் சறுக்கல் இல்ல. சறுக்கல் இல்லன்னா உராய்வு தன் வேலையைச் செய்யும். கூடவே ஈரமும் உள்ள போகாது, துரு பிடிக்காது. அதனால ரெண்டு வருஷம் கழிச்சுக் கழட்டும்போது, ஒண்ணும் போடாத ஸ்க்ரூவை விட த்ரெட்லாக்கர் போட்டது சுலபமா வர்றதும் உண்டு. ஒண்ணை மட்டும் மறக்காதீங்க: இது ப்ரீலோடைக் கூட்டாது. லூஸா இருக்கிற ஸ்க்ரூவுக்குப் போட்டா, லூஸாவே பூட்டி வைக்கும்.

நிறத்தை வச்சுச் சுருக்கமா:

ஊதா (222 மாதிரி): பிடிப்பு குறைவு. எம்6-க்குக் கீழ இருக்கிற குட்டி ஸ்க்ரூவுக்கு. சாதா ஸ்க்ரூ டிரைவர்லயே கழலும்.
நீலம் (242, 243): நடுத்தரம். எம்6-ல இருந்து எம்20 வரைக்கும். கை ஸ்பானர் போதும். 243 லேசான எண்ணெய்ப் பசையையும் தாங்கும்.
சிவப்பு (262, 271): பலமானது. பெரும்பாலும் சூடு பண்ணினாத்தான் விடும்.
பச்சை (290): ஏற்கனவே முறுக்கி வச்ச ஸ்க்ரூவுக்கு வெளிய இருந்து விட்டா உள்ள ஊறிப் போகும்.

கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம். பாட்டில்ல இருக்கிற எண்ணையும் விவரத்தையும் படிச்சுட்டு வாங்குங்க.

ஃபெவிக்விக் போட்டா என்ன?

கேட்பீங்கன்னு தெரியும். ஃபெவிக்விக் வகை பசை சயனோஅக்ரிலேட். 1942-ல் கோடக்கில் ஹாரி கூவர் குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினப்போ கிடைச்சது. தொட்டதெல்லாம் ஒட்டுதுன்னு அப்போ தூக்கிப் போட்டுட்டாங்க! பசையா கடைக்கு வந்தது 1958-ல்.

துப்பாக்கிக் குறிநோக்கிக்காகப் பிறந்ததுதான், ஆனா ஸ்கோப் பக்கத்துல கூட அதைக் கொண்டு போகக் கூடாது. அது காத்துல இருக்கிற ஈரத்தால இறுகும். மொறுமொறுன்னு இருக்கும், அடிபட்டா நொறுங்கும். அதோட ஆவி பக்கத்துல இருக்கிற லென்ஸ் மேல வெள்ளைப் படலமா படியும். கேமரா, சென்சார் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

சரி, எப்படிப் போடுறது?

1. சுத்தம். மரையில எண்ணெய், கிரீஸ், பழைய பசைத் தூள் எதுவும் இருக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். காய விடுங்க.

2. என்ன உலோகம்னு பாருங்க. சாதா எஃகு, பித்தளைன்னா சீக்கிரம் இறுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துத்தநாகப் பூச்சு, அனோடைஸ் பண்ணின அலுமினியம் மேல மெதுவாத்தான் இறுகும். அதுக்கு ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே இருக்கு, இல்லன்னா அதிக நேரம் குடுக்கணும்.

3. பிளாஸ்டிக்னா நிறுத்துங்க. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் மேல பட்டா விரிசல் விடும். ட்ரோன் பாடி, 3டி பிரிண்ட் பாகம் இருக்கிற ப்ராஜெக்ட் டீம் இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க.

4. ஒரு துளி. நட் உட்காரப் போற மரையில மட்டும். அடி மூடின ஓட்டைன்னா துளியை ஓட்டைக்குள்ள விடுங்க; ஸ்க்ரூ இறங்கும்போது அடியில இருக்கிற காத்து பசையை மேல தள்ளிக்கிட்டு வரும்.

5. டார்க். இதுதான் உயிர். ஈரமான த்ரெட்லாக்கர் எண்ணெய் மாதிரி வழுக்கும். அதே டார்க்குக்கு ப்ரீலோடு கூடிடும். எண்ணெய் போட்ட மரைக்கு ப்ரீலோடு மூணுல ஒரு பங்கு வரை ஏறலாம். பல ஸ்கோப் தயாரிப்பாளர்கள் வளைய ஸ்க்ரூவுக்கு த்ரெட்லாக்கரே வேண்டாம்னு சொல்றது இதுக்குத்தான். ரைபிளோட உடம்புல உட்கார்ற அடித்தட்டு ஸ்க்ரூவுக்கு மட்டும் போடுவாங்க.

6. 24 மணி நேரம் விடுங்க. 10, 20 நிமிஷத்துல பிடிச்ச மாதிரி தெரியும், முழு பலம் வர ஒரு நாள் ஆகும்.

7. ஒரு கோடு. ஸ்க்ரூ தலையில இருந்து பாகம் வரைக்கும் பெயின்ட் மார்க்கரால ஒரு கோடு போடுங்க, நெயில் பாலிஷும் ஓகே. கோடு உடைஞ்சு தெரிஞ்சா ஸ்க்ரூ அசைஞ்சிருக்கு. ஸ்பானரைத் தொடாமலே கண்ணால செக் பண்ணலாம்.

டார்க் ரெஞ்ச் இல்லையா? லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு இருந்தா போதும். ஆலன் கீயோட கையில மையத்துல இருந்து 10 சென்டிமீட்டர்ல கொக்கியை மாட்டி, கைக்குச் செங்குத்தா இழுங்க. தராசு 2 கிலோ காட்டினா, அது 1.96 நியூட்டன் மீட்டர். ஸ்கோப் வளையத்துக்குச் சொல்ற அளவு கிட்டத்தட்ட அதேதான்.

கழட்டும்போது

ஊதா, நீலம்னா சரியான சைஸ் கருவியை நல்லா உட்கார வச்சு நிதானமா திருப்பினா போதும். முதல்ல டக்குனு ஒரு உடையுற உணர்வு வரும், அப்புறம் வந்துடும். தேய்ஞ்ச ஆலன் கீயை வச்சு முயற்சி பண்ணினா ஸ்க்ரூ தலை வழுக்கிப் போகும், அதுக்கப்புறம் டிரில்தான்.

சிவப்புன்னா சூடு. 250 டிகிரி பக்கம் போனதும் பசை இளகும், சூடா இருக்கும்போதே திருப்பணும். குட்டி ஸ்க்ரூவுக்கு நம்ம லேப்ல இருக்கிற சால்டரிங் அயர்ன் போதும், முனையை ஸ்க்ரூ தலையில வச்சுப் பிடிங்க. பக்கத்துல லித்தியம் பேட்டரி, லென்ஸ், பேரிங் கிரீஸ், பிளாஸ்டிக் எதாவது இருந்தா இந்த வழி கிடையாது. இதையெல்லாம் யோசிக்க வேண்டிய நேரம் கழட்டும்போது இல்ல, பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி.

கழட்டின பிறகு வெள்ளைத் தூள் மரையில ஒட்டி இருக்கும். கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுட்டு, புதுத் துளி விட்டு அதே ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டலாம்.

எங்கே எது?

ட்ரோன் மோட்டார் ஸ்க்ரூ, உலோகத்துக்குள்ள போறதுன்னா ஊதா. பைக் மிர்ரர், ஸ்டாண்டு மாதிரி எம்6-க்கு மேல இருக்கிற போல்ட்டுக்கு நீலம். பின் சக்கர ஆக்ஸிலுக்குக் காட்டர் பின், அதைக் கழட்டினா புது பின். ஸ்பிண்டில் போல்ஸ்டர் நட்டுக்குப் பசை வேண்டாம். சுத்தமான ரெயில், மெஷின் கம்பெனி சொன்ன டார்க், முறையா சென்டரிங். அங்கே அடிக்கடி கழட்டுறதே வேலையோட பகுதி. சிவப்பு பாட்டில் நம்ம காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அநேகமா தேவைப்படவே படாது. அந்த வேலைக்குப் போதுமானதுல எது பலம் குறைவோ அதை எடுங்க. அதுக்கு மேல போடுற ஒவ்வொரு துளியும் பின்னாடி கழட்டப் போறவங்க கையில சுமையா ஏறும்.

அந்தக் கழட்டப் போறவங்க யாருன்னு மாட்டும்போது தெரியாது. அடுத்த வருஷம் நம்ம ப்ராஜெக்ட்டை எடுத்துக்கப் போற ஜூனியரா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை ஷிப்ட்ல கூப்பிட்ட ஃபிட்டர் அண்ணனா இருக்கலாம். அவங்களுக்காக ரெண்டு வேலை செஞ்சுட்டுப் போங்க: ஸ்க்ரூ மேல ஒரு கோடு, ரெக்கார்டு நோட்ல ஒரு வரி. என்ன பசை, என்ன டார்க், என்ன தேதி. ஒரு நிமிஷம்தான் ஆகும்.